மாங்கனியும் தண்ணீர்க் குடமும்

மாம்பழ சீஸன் தொடங்கிவிட்டால் போதும், எங்கள் வீட்டில் காரைக்கால் அம்மையார் கதையும் தொடங்கிவிடும். அம்மா அரிவாள்மணை முன் உட்கார்ந்து பழத்தைக் கதுப்பு கதுப்பாக நறுக்குவார். கொட்டைக்குச் சண்டை போடும் எங்களை அடக்க, கூடவே கதையும் நடக்கும். புனிதவதியார் கண்மூடிப் பிரார்த்திக்க, கையில் 'பொத்'தென்று மாம்பழம் வந்து விழும். "அவ்வளவுதான் கதை. கையைக் கழுவிட்டுப் போய்ப் படிங்க" என்று அம்மா எழுந்துவிடுவார்.

அதற்கு மேலும் கதை உண்டு என்பது எனக்குத் தெரியவந்தது, தமிழ் பி.ஏ. வகுப்பில் பெரியபுராணம் பாடமாக வந்தபோதுதான். கணவன் பிரிந்தது, அவள் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டது... இதையெல்லாம் அம்மா ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்குக் கோபம்கூட வந்தது.

சில வருடங்கள் கழித்து, காஷ்மீரத்து லல்லேஸ்வரியைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பாதிக் கதையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 'அட, இது நம் புனிதவதி கதையாயிற்றே!' என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்படி என்ன ஒற்றுமை என்கிறீர்களா? முதலில் நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம். தெரிந்த கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சேக்கிழார் பெருமான் அதில் வைத்திருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்தான் நமக்கு இன்று வேண்டும்.

காரைக்காலில் பெருவணிகர் தனதத்தனின் ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவளை மணம் முடித்தார்கள். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, தம்பதியைக் காரைக்காலிலேயே தனி வீட்டில் குடிவைத்தார். ஆக, புனிதவதிக்கு மாமியார் வீட்டு வாசம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பரமதத்தனிடம் யாரோ இரண்டு மாங்கனிகளைக் கொடுக்க, அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். சற்று நேரத்தில் பசியோடு ஒரு சிவனடியார் வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே சோறு வெந்திருக்கிறது. கறியமுது இன்னும் ஆகவில்லை. அடுப்பில் ஒன்றும் தயாராகாத நேரத்தில் விருந்தாளி வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? புனிதவதி தயங்கவில்லை. இரண்டு கனியில் ஒன்றை எடுத்து, சோற்றோடு படைத்து, அடியாரின் பசியாற்றி அனுப்பினாள்.

உச்சிப் பொழுதில் கணவன் வந்தான். நீராடி, உண்ண அமர்ந்தான். மீதமிருந்த கனியை இலையில் இட்டாள். அதன் சுவையில் மயங்கியவன், "இன்னொன்று இருக்குமே, அதையும் கொண்டு வா" என்றான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 'ஒன்றை அடியாருக்குக் கொடுத்துவிட்டேன்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? தவறான காரியம் ஒன்றுமில்லையே! கணவனும் கொடுமைக்காரன் இல்லை. ஆனால், அவள் எடுத்துவரப் போகிறவள் போல உள்ளே போனாள். எனக்குத் தோன்றுவது இதுதான்: இலை முன் அமர்ந்து ஆசையோடு கேட்பவரிடம் 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

உள்ளே போய் மனம் தளர்ந்து நின்று இறைவனை நினைத்தாள். கையில் கனி வந்தது. அதை உண்ட பரமதத்தன் திகைத்தான். "இது நான் அனுப்பிய பழம் இல்லை. மூவுலகிலும் கிடைக்காத சுவையாக இருக்கிறதே, எங்கே பெற்றாய்?" இறைவன் அருளை வெளியே சொல்வதா என்று தடுமாறினாள், கணவனிடம் மறைக்கவும் முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. "ஈசன் அருள் என்றால் இன்னொரு கனி வரவழைத்துக் கொடு" என்றான்.

அம்மா சொல்லாமல் விட்ட மூன்றாவது கனி இதுதான்! அதுவும் வந்தது. வாங்கியவன் கையில் இருந்து, காணாமலும் போனது.

பயந்துபோனான் பரமதத்தன். யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் ஒரே வீட்டில் மனதால் விலகி வாழ்ந்துவிட்டு, வாணிபத்துக்கென்று கப்பல் ஏறினான். பாண்டிய நாட்டுத் துறைமுகப் பட்டினம் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்தான். பெண் குழந்தை பிறந்தது. அதற்கு 'புனிதவதி' என்றே பெயர் வைத்தான்.

சரி, இனி காஷ்மீரத்துக்குப் போவோம்.

லல்லேஸ்வரி 14-ம் நூற்றாண்டில் ஸ்ரீநகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவள். குங்குமப்பூ விளையும் பாம்பூரில் வாழ்க்கைப்பட்டாள். புகுந்த வீட்டில் அவளுக்குப் பத்மாவதி என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயரோடு வேறொன்றும் கிடைத்தது... மாமியார்!

அந்த அம்மாள் மருமகளின் தட்டில் முதலில் ஒரு கல்லை வைப்பாளாம். அதன்மேல் சோற்றைப் பரப்பிவிடுவாளாம். பார்ப்பவர்களுக்குத் தட்டு நிறைய சோறு தெரியும். லல்லா இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, தட்டோடு அந்தக் கல்லையும் கழுவி, எடுத்த இடத்தில் வைத்துவிடுவாள். ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் வீட்டில் விருந்து. ஆற்றங்கரையில் தோழிகள், 'இன்றைக்கு உனக்கு நல்ல சாப்பாடு' என்று கேலி செய்தபோது, விருந்து பெரிதோ சிறிதோ, தன் தட்டில் கல் தவறாது என்று சிரித்தபடி சொல்லிவிட்டாள். அது மாமனாரின் காதில் விழ, அவர் தட்டைச் சோதித்துப் பார்த்து மனைவியைக் கடிந்துகொண்டார். விளைவு? மாமியாரின் கோபம் இரட்டிப்பானது. (இதில் யாருக்காவது ஆச்சர்யம் உண்டா என்ன?)

லல்லா விடியற்காலையில் குடத்தோடு தண்ணீருக்குப் போவாள். அப்படியே சிவ வழிபாட்டில், தியானத்தில் ஆழ்ந்துவிடுவாள். வீடு திரும்ப நேரமாகும். 'எங்கே போகிறாள் இவள்?' என்று மாமியார் மகனிடம் ஓதிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கணவன் கையில் தடியோடு கதவருகே காத்திருந்தான். தலையில் குடத்தோடு லல்லா உள்ளே நுழைந்ததும் ஓங்கி ஒரு அடி!

குடம் தூள் தூளானது. தண்ணீர் சிந்தவில்லை. குடம் இருந்த வடிவத்திலேயே, உறைந்ததுபோல, அவள் தலைமேல் அப்படியே நின்றது.

அடுத்து அவள் செய்ததைக் கவனியுங்கள். அழவில்லை, சபிக்கவில்லை. வீட்டில் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் அந்தத் தண்ணீரை ஊற்றி நிரப்பினாள். அன்றைய வேலையை முடித்தாள்! மிச்சத்தை வெளியே கொட்ட, அது ஒரு குளமாக நின்றது என்றும், 'லல்லா த்ராக்' என்ற பெயரில் அந்தக் குளம் நெடுங்காலம் இருந்தது என்றும் காஷ்மீரத்தில் சொல்வார்கள். அதன்பின் வீட்டைவிட்டு வெளியேறினாள். சித்த ஸ்ரீகண்டர் என்ற சைவ குருவிடம் உபதேசம் பெற்றவள், ஆடையையும் துறந்து ஊர் ஊராகத் திரிந்து பாடினாள்.

இரண்டு கதைகளும் எங்கே கை கோக்கின்றன, பார்த்தீர்களா? இருவருமே சிவபக்தைகள், இருவருமே இல்லறத்தில் இருந்து வெளியேறியவர்கள் என்பதெல்லாம் மேலோட்டமான ஒற்றுமை. அப்படிப் பார்த்தால் பாரதம் முழுக்க நூறு பேரைச் சொல்லலாம். என்னைச் சிலிர்க்க வைத்தது வேறு. இரண்டு அற்புதங்களும் நடந்தது கோயிலில் அல்ல; வீட்டுக்குள். ஒன்று சாப்பாட்டு இலைக்காக, மற்றொன்று அன்றாடக் குடிநீரோடு. இருவரும் தங்கள் பக்தியை ஊருக்குக் காட்ட நினைத்தவர்கள் இல்லை. ஒருத்தியின் ரகசியத்தை ஒரு கேள்வி வெளியே இழுத்தது. இன்னொருத்தியின் ரகசியத்தை ஓர் அடி வெளியே இழுத்தது. வெளிப்பட்ட பிறகு, அந்த வீட்டுக்குள் பழையபடி இருக்க இருவராலுமே முடியவில்லை.

'ஒரு கதையைப் பார்த்து மற்றொரு கதை வந்திருக்குமோ?' என்று சிலர் கேட்கலாம். அம்மையாரின் காலம் ஏறக்குறைய 6-ம் நூற்றாண்டு என்பார்கள். இடையே 800 வருடங்கள். காவிரிக் கழிமுகத்துக்கும் இமயமலைக்கும் உள்ள தூரம். மாங்கனி எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே! சமையற்கட்டும் தண்ணீர்த் துறையும் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே நின்றபடி கடவுளை நினைத்த பெண்களும் எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு இந்த விளக்கமே போதும்.

ஆனாலும், 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லிவிடவும் எனக்குச் சம்மதமில்லை. பரமதத்தன் அடிக்கவில்லை, பயந்தான். உறவினர்கள் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அவன் ஊருக்கே அழைத்துவந்தபோது, இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுந்தான். "இவர் மானிடர் அல்ல, தெய்வம். நீங்களும் வணங்குங்கள்" என்றான். கணவனின் அடியைத் தாங்குவது ஒரு கஷ்டம் என்றால், கணவன் கும்பிடுவதைத் தாங்குவது இன்னொரு விதமான கஷ்டம். ஊரே பார்க்க, தாலி கட்டியவன் தரையில் கிடக்கிறான். பக்கத்தில் தன் பெயரையே தாங்கி ஒரு குழந்தை. அந்த நிமிடத்தில்தான் அவள் ஈசனிடம் கேட்டாள்... 'இவனுக்காகச் சுமந்த இந்த உடலழகு இனி எதற்கு? இதை நீக்கி, உன் தாள் போற்றும் பேய் வடிவம் கொடு' என்று.

லல்லா ஆடையைத் துறந்தாள். அம்மையார் உடற்தசையையே துறந்தார். பெண் என்றால் முதலில் கண்ணில் படுவது எதுவோ, அதையே இருவரும் கழற்றி வைத்தார்கள் என்று சொல்லலாமா? ஆண் அடியார்கள் செல்வத்தை, பதவியை, ராஜ்ஜியத்தைத் துறந்ததாகப் படிக்கிறோம். இந்த இருவரிடமும் துறக்க இருந்தது அதுதான்.

பாடிய முறையிலும் வித்தியாசம் உண்டு. அம்மையார் 'அற்புதத் திருவந்தாதி', 'திருஇரட்டை மணிமாலை', திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் என்று இலக்கணச் சுத்தமாகப் பாடினார். சுடுகாட்டில் ஆடும் ஈசனின் திருக்கோலத்தில் அவருக்கு அலாதி மோகம். லல்லாவின் பாடல்களோ 'வாக்' எனப்படும் சின்னஞ்சிறு வாய்மொழிகள். அவை பல நூற்றாண்டுகள் ஏட்டில் ஏறாமல் மக்கள் நாவிலேயே வாழ்ந்தவை. 1914-ல் தர்மதாஸ் தர்வேஷ் என்ற முதிய அந்தணர் மனப்பாடமாகச் சொல்ல, பண்டிதர் முகுந்தராம சாஸ்திரி எழுதிக்கொண்டார். அதைக்கொண்டே 1920-ல் கிரியர்சனும் பார்னெட்டும் நூலாக வெளியிட்டார்கள். அந்த வாக்குகளில் லல்லா, வெளியே ஓடி ஓடித் தேடுவதை நிறுத்தி உள்ளே பார்க்கச் சொல்கிறாள். கல்லை வணங்குகிறவர்களைச் சற்றுக் கடுமையாகவே கேள்வி கேட்கிறாள். வாரம் ஒரு ஸ்தலம் என்று எழுதிப் பிழைக்கும் எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அதற்காக, அவள் அதைச் சொல்லவே இல்லை என்பதுபோல் எழுதவும் மனம் வரவில்லை.

லல்லாவைப் பற்றி இன்னொரு கதை. அவள் போகும் இடமெல்லாம் சிலர் கும்பிடுவார்கள், சிலர் ஏசுவார்கள். ஒருநாள் துணிக்கடைக்காரர் ஒருவரிடம், ஒரே எடையுள்ள இரண்டு துணித் துண்டுகளை வாங்கி, இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டாள். வணங்கினால் ஒரு துணியில் ஒரு முடிச்சு; ஏசினால் மற்றதில் ஒரு முடிச்சு. மாலையில் அவரிடமே திரும்ப வந்து நிறுத்துப் பார்க்கச் சொன்னாள். முடிச்சுகள் கூடக் குறைய இருந்தாலும் இரண்டு துணியும் ஒரே எடை! நாத்தனார் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையைப் பதினைந்து வருடமாக முடிந்து வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. நான் உங்களை மட்டும் சொல்லவில்லை.

மீண்டும் ஓர் ஒற்றுமைக்கு வருகிறேன். தலையாலேயே நடந்து கயிலை ஏறிய அந்த எலும்பு உருவத்தைப் பார்த்து உமையம்மை 'யார் இவர்?' என்று வியக்க, 'நம்மைப் பேணும் அம்மை' என்றாராம் சிவபெருமான். தாய் தந்தை இல்லாதவர் என்று நாம் போற்றும் அந்த ஈசன், 'அம்மையே' என்று வாய் நிறைய அழைத்தார். காஷ்மீரத்தில் லல்லேஸ்வரிக்கு மக்கள் வைத்த பெயர் 'லல் தேத்'. 'தேத்' என்றால் மூதாட்டி, பாட்டி, தாய் போன்றவள். நிறைமாதம் சுமந்து பெறாத இருவரையும் ஊரும் உலகமும் தாய் என்றே அழைத்திருக்கின்றன.

பின்னாளில் நூருத்தீன் ரிஷி என்று காஷ்மீரம் கொண்டாடிய மகான், பிறந்தவுடன் மூன்று நாள் பால் குடிக்க மறுத்ததாகவும், லல்லா வந்து செல்லமாகக் கடிந்துகொண்ட பிறகே குடித்ததாகவும் ஒரு கதை உண்டு. இந்துக்கள் 'லல்லேஸ்வரி' என்று போற்றுபவளை அங்கே முஸ்லிம்களும் தங்கள் ஞானத்தாயாகக் கொண்டாடுவதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். நம் பக்கத்திலும் ஒரு ஞானக்குழந்தை உண்டே! உமையம்மையிடம் பால் உண்ட ஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டு மண்ணில் கால் வைக்க அஞ்சி, பக்கத்தில் உள்ள பழையனூரிலேயே தங்கிவிட்டார்.

அந்தத் திருவாலங்காட்டுக்கு, சென்னையில் இருந்து அரக்கோணம் மார்க்கத்தில் போனால் எளிதாகப் போய்விடலாம். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அது. வடாரண்யேஸ்வரரையும் வண்டார்குழலி அம்மையையும் தரிசித்துவிட்டு, அம்மையாரின் முன் நின்றேன். பக்கத்தில் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், வெகுநேரம் அம்மையாரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நிலையத்துக்குத் திரும்பும்போது பேச்சுக் கொடுத்தார். நான் இப்படி லல்லா கதையைச் சொன்னதும், கொஞ்சநேரம் பேசாமல் வந்தவர் கேட்டார்: "ரெண்டு பேருமே கிளம்பிப் போயிட்டாங்க. போக முடியாதவங்க என்னம்மா பண்றது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் பஹிணாபாய் நினைவுக்கு வந்தாள்.

மகாராஷ்டிரத்துப் பஹிணாபாய் (1628-1700) அபங்கங்கள் பாடியவள். தன் கதையையும் தானே பாடி வைத்தவள். சிறு குழந்தையாக இருக்கும்போதே, முப்பது வயது ஆணுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தார்கள். கோலாப்பூரில் இருந்தபோது ஒரு கன்றுக்குட்டி அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. அவள் ஹரிகீர்த்தனம் கேட்கப் போனால் கன்றும் கூடவே போய்க் கேட்குமாம்! ஊர் பேசியது. கணவன் அவளைக் கட்டிவைத்து அடித்தான். பசுவும் கன்றும் தீனியைத் தொடவில்லை. சில நாளில் கன்று உயிரை விட்டது. நினைவிழந்து கிடந்தவளுக்குக் கனவில் துக்காராம் தரிசனம் கிடைத்தது. 'வேறு ஜாதிக்காரர் உனக்கு குருவா?' என்று கணவனின் கோபம் இன்னும் ஏறியது. அவளோ வீட்டைவிட்டுப் போகவில்லை. கணவன் நோயில் விழுந்தபோது பணிவிடை செய்தாள்; அந்த நோயில்தான் அவன் மனம் இளகியது. பிறகு குடும்பமாகவே துக்காராமின் ஊரான தேஹுவுக்குப் போனார்கள். பிள்ளை பெற்று, வளர்த்து, பாடி, முதுமை கண்டு மறைந்தாள்.

அடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. லல்லா போனதும் சரி என்றுதான் நினைக்கிறேன். பஹிணாபாயிடம் எனக்குப் பிடித்தது அவளது பொறுமை அல்ல. தனக்கு நேர்ந்ததை ஒளிக்காமல், கணவன் அடித்ததையும் கன்று செத்ததையும் பாட்டிலேயே வைத்தாள் பாருங்கள், அது! புனிதவதி வெளியே சொல்லத் தயங்கினாள், லல்லா கல்லைக் கழுவி வைத்தாள், இவள் பாடிவிட்டாள். அந்த அம்மாளை மறுபடி பார்த்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும். புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் ஒவ்வோர் ஆண்டும் திருக்கல்யாணம் உண்டு. கதையின் முடிவு தெரிந்தும் ஊர் கூடிக் கல்யாணம் செய்துவைக்கிறது! பிட்சாடனர் வீதியுலா வரும்போது, மாடிகளில் இருந்தும் வீட்டு வாசல்களில் இருந்தும் பக்தர்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள்.

அப்படி ஒரு விழாவுக்குப் போய்வந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா கதையை எப்பவும் பாதியிலேயே நிறுத்தினே?" என்று. அம்மா கொஞ்சம் யோசித்தார். "எங்க அம்மா எனக்கு அதுவரைக்கும்தான்டி சொன்னா" என்றார்.

இந்த வருடம் என் மகளுக்கு முழுக் கதையையும் சொன்னேன். மூன்றாவது கனி, கப்பல், பல்லக்கு, பேய் வடிவம், கயிலை... எதையும் விடவில்லை. அவள் பயப்படவும் இல்லை. மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டே, நான் நினைத்தும் பார்க்காத ஒன்றைக் கேட்டாள்: "அந்தக் குட்டிப் புனிதவதி பெரியவளானதும் என்ன ஆனா?"

சேக்கிழார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நீயே யோசிச்சு சொல்லேன்" என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.